பஸ் போட்டோவை எடுத்த கேமரா

கேமராவை வைத்துப் பிழைக்கிறவனிடம் யார் வந்து எதைப் பேச ஆரம்பித்தாலும், கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள்: சின்ன கேமராவுக்கும் பெரிய கேமராவுக்கும் என்ன வித்தியாசம்?

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடைக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. மூன்றடிக்கு இரண்டடி அளவில் ஒரு கல்யாணப் படம். கம்பெனி பஸ் முன்னால் யூனிபாரத்தோடு மாப்பிள்ளை, பட்டுப்புடவையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண், ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். அதைக் காட்டி, "இது பெரிய கேமராவுல எடுத்தது. இதுதான் வித்தியாசம்" என்பேன். கேட்டவர் தலையாட்டுவார். நானும் தலையாட்டுவேன். அவர் படியிறங்கிப் போனதும் எனக்கு நானே கேட்டுக்கொள்வேன்: நிஜமாகவா? பல வருஷங்களாக இந்தக் கதையில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சந்தேகத்தோடுதான் பல வருஷங்களாக இதைச் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

எங்களிடம் இருப்பது இரண்டு கேமரா. சின்னது, தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் வாங்குவது. பெரியது, ஓரளவு தேறியவர்கள், அல்லது தேறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்கள் வாங்குவது. பெரியது என் கழுத்தில் தொங்கும். சின்னது என் மனைவி ரோஸ்லின் கையில் இருக்கும். பெண் வீட்டு அறைக்குள் போய் அலங்காரத்தைப் படம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்பதற்காக அவளைப் பழக்கினேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இதே தொழிலில் இருக்கும் உங்களில் பலர் வீட்டிலும் இதே ஏற்பாடுதான் இருக்கும் என்று தைரியமாக நம்புகிறேன்.

பச்சைக் கட்டம்

இசக்கிமுத்து தென்காசிப் பக்கத்துப் பையன். பையன் என்று நான் சொல்கிறேன், முதன்முதலில் இங்கே வந்தபோதே இருபத்தெட்டு வயது இருக்கும். ஒரகடத்தில் கார் கம்பெனி ஒன்றில் பெயின்ட் பிரிவில் வேலை. ஆறு பேரோடு ஒரே ரூமில் தங்கியிருந்தவன், பழைய சின்ன கேமரா ஒன்று கிடைக்குமா என்று கேட்டு மாடி ஏறி வந்தான். வழக்கம்போல வித்தியாசம் என்ன என்றான். நானும் வழக்கம்போல வகுப்பு எடுத்தேன். சின்ன கேமராவின் தலையில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதில் மலை, பூ, ஓடுகிற மனிதன் என்று சின்னச் சின்ன படங்கள் போட்டிருக்கும். ஒரு பச்சைக் கட்டமும் உண்டு. பச்சைக்குத் திருப்பிவிட்டால் வெளிச்சம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பதையெல்லாம் கேமராவே முடிவு செய்துகொள்ளும். பெரிய கேமராவில் பச்சையும் கிடையாது, பூவும் கிடையாது. எல்லாவற்றையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். "அதனாலதான் அது பெரியது" என்று முடித்தேன்.

அவன் இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சக்கரத்தை டக்டக்கென்று ஒரு சுற்று சுற்றினான். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னான்: "அண்ணாச்சி, எங்க லைன்லயும் ஆட்டோ, மேனுவல்னு ஒரு சுவிட்ச் கெடக்கு. மேனுவல்ல போட்டா சூப்பர்வைசர் பக்கத்துல வந்து நிக்கணும். நீங்க மேனுவல்ல எடுக்கும்போது பக்கத்துல யாரு நிப்பா?"

கல்யாண உடம்பு

சின்ன கேமராவின் பெரிய குறை அது சின்னதாக இருப்பதுதான். படத்தில் தெரியாத குறை அது, மண்டபத்தில் எல்லோர் கண்ணிலும் படும். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நிச்சயதார்த்தம். ரோஸ்லின் கேமராவைத் தூக்கியதுமே பெண்ணின் தாய்மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா சார், அந்தம்மா கையில இன்னாமோ வெளயாட்டு சாமான் கீது?" என்றார். அதில் எடுத்த படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவருக்கு வித்தியாசம் தெரியாது என்று சொல்ல நினைத்தேன். பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதை நானே எப்படிச் சொல்வது?

அடுத்த விசேஷத்துக்கு ஒரு வேலை செய்தேன். சின்ன கேமராவின் அடியில் பேட்டரி க்ரிப் என்கிற கட்டையை மாட்டினேன். லென்ஸின் முனையில், வெயில் படாமல் மறைக்கிற பெரிய வளையம் ஒன்றைச் செருகினேன். கேமரா ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டது. படத்தில் எந்த மாற்றமும் இல்லை, ரோஸ்லின் மணிக்கட்டுக்கு மட்டும் மூன்று நாள் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது. அதே தாய்மாமாதான் அந்த மண்டபத்திலும் இருந்தார். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்: "ஹாங்! இப்பதான் சார் கல்யாணம் மாதிரி கீது!"

ஓரத்தில் வந்தவர்

புதிதாக வாங்குகிறவர்களிடம் கடைக்காரர்கள் சொல்லாமல் விடும் வித்தியாசம் ஒன்று உண்டு. பெரிய கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தால் படத்தில் வரப்போவது முழுவதும் தெரியும். சின்னதில் நான்கு ஓரமும் கொஞ்சம் மறைந்திருக்கும். நாம் பார்க்காத ஆளெல்லாம் படத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ரோஸ்லின் படங்களில் அடிக்கடி ஓரத்தில் ஒரு முழங்கை இருக்கும், இல்லாவிட்டால் பாதி முகம். "கண்ணு கரெக்டாதான்மா பாக்குது, கேமராதான் கொஞ்சம் மறைக்குது" என்று சமாதானம் சொல்வேன். அவள், "நான் நடுவுல இருக்கறவங்களதாங்க பாக்கறேன்" என்பாள்.

ஒரு வரவேற்பு ஆல்பத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றும் படம். வலது ஓரத்தில் ஒருவர் தட்டில் குலாப்ஜாமூனோடு முக்கால் ஆளாக நிற்கிறார். ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அப்பா அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பக்கத்துத் தெருக்காரராம், எல்லைக்கல் தகராறாம், இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். என்னைப் பார்த்துக் கேட்டார்: "பத்திரிகையே வெக்கலியே, இந்த ஆளு எப்டி சார் ஆல்பத்துக்குள்ள வந்தான்?"

ஒரு கார்டு, இரண்டு ரூம்

இது பெரிய கேமராவின் கதை. உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு வாரத்துக்கு எல்லோரையும் நிற்க வைத்து ஒரு குரூப் போட்டோ எடுக்க வேண்டும். கம்பெனிகளுக்குள் கேமரா கொண்டுபோனவர்களுக்குத் தெரியும், கேட்டிலேயே பாதி நாள் போய்விடும். கேமரா நம்பரை எழுதுவார்கள், படம் பதிவாகிற கார்டை எண்ணுவார்கள். அனுமதிச் சீட்டில் "கேமரா ஒன்று, கார்டு ஒன்று" என்று போட்டிருந்தது. பெரிய கேமராவில் கார்டு போட இரண்டு இடம். ஒன்று போனாலும் இன்னொன்றில் படம் இருக்கட்டும் என்பதற்காக. அந்த இரண்டு இடம்தான் பெரிய கேமராவின் பெருமையே. செக்யூரிட்டிக்காரர் ஒரு கார்டை உருவி வைத்துக்கொண்டார். மூடிமேல் ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, "கிழிஞ்சிருந்தா வெளிய வுட மாட்டேன் சார்" என்று உள்ளே அனுப்பினார்.

பெரிய கேமராவில் படத்தைச் சுருக்காமல் முழுசாகச் சேமிக்கிற வசதி இருக்கிறது. பெருமைக்கு அதையும் போட்டு வைத்திருந்தேன். படிக்கட்டில் முந்நூறு பேர், எல்லோர் தலையிலும் மஞ்சள் ஹெல்மெட், மேலே வெயில். பத்து நிமிஷத்துக்கு லைனை நிறுத்தியிருந்தார்கள். பிரிவு பிரிவாக எடுத்துக்கொண்டு வந்தேன். எல்லோரையும் சேர்த்து எடுக்க வேண்டிய கடைசிப் படத்துக்கு வந்தபோது கார்டு நிறைந்துவிட்டது. ஸ்டிக்கரைக் கிழிக்கக் கூடாது. உற்பத்தி மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் கேட்டைப் பார்க்கிறேன், முந்நூறு ஹெல்மெட்டும் என்னைப் பார்க்கின்றன. ஆள் அனுப்பி செக்யூரிட்டிக்காரரை வரவழைத்தார்கள். அவர் ஆற அமர நடந்து வந்து, ஸ்டிக்கரை உரித்து, மூடியைத் திறந்து காலியாக இருந்த இடத்தை எட்டிப் பார்த்தார். "அந்த இன்னொரு கார்டையும் விட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லைங்க" என்றேன். முந்நூறு பேருக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்: "இந்த ஊர்ல ஒரு ரூம்ல எட்டு பசங்க படுத்துகினு கீறானுங்க, உன் ஒத்த கார்டுக்கு ரெண்டு ரூமா சார்?"

முப்பது தடவை

பென்னலூர்ப் பக்கம் புதிதாக உருவான ஒரு குடியிருப்பு. அங்கே சின்ன மாதா கோயில் ஒன்றில் குழந்தைக்கு ஞானஸ்நானம். பெரிய கேமராவில் விரலை எடுக்காமல் அழுத்தினால் ஒரு நொடிக்குள் ஏழெட்டு படம் விழும். கண் சிமிட்டினாலும் அடுத்ததில் திறந்திருக்கும் என்கிற தைரியத்தில் அழுத்தினேன். ஃபாதர் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்ததும் கோயில் முழுக்க தையல் மிஷின் ஓடுகிற சத்தம். அதுவரை அமைதியாக இருந்த குழந்தை அலறியது. அந்த அலறலையும் விடாமல் எடுத்தேன்.

எனக்கு எதிர்ப்பக்கம் ரோஸ்லின் சின்ன கேமராவோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் வைத்தபடி காத்திருந்தாள். நிறைய நேரம் காத்திருந்தாள். ஒரே ஒரு 'டக்'. குழந்தை நிறுத்தாமல் கத்துகிறது, ஞானத்தாய் தன் முந்தானையால் அதன் நெற்றியைத் துடைக்கக் கை நீட்டுகிறாள். ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அந்தப் படம்தான் போனது. நான் எடுத்த ஐம்பத்துச் சொச்சத்தில் எதுவும் போகவில்லை. திருப்பலி முடிந்து வெளியே வந்த ஃபாதர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் மூணு தடவைதான் தண்ணி ஊத்தினேன். நீங்க முப்பது தடவை ஊத்திட்டீங்க!"

கம்பெனி பஸ்

இப்போது அந்தப் படத்தின் கதை. பத்து வருஷம் இருக்கும். பெரிய கேமரா வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டு மாடியில் ஒரு ரூம் போட்டு வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நானும் ரோஸ்லினும் சேர்த்து வைத்திருந்தோம். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. நான் ரூம் போடாமல் கேமரா வாங்கிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சொல்ல வேண்டியதை அவள் அண்ணன் சொன்னார்: "மச்சான், ரூம் போட்டிருந்தா நாலு பசங்க குடி வந்திருப்பானுங்க. கேமராவுக்குள்ள யாரு குடியிருப்பா?" வாங்கிய ஒரு மாதத்தில் இரண்டு விசேஷங்களைச் சொதப்பியும் இருந்தேன். பட்டன்கள் அதிகம். எதையோ அழுத்தினால் எதுவோ மாறும். ராத்திரி தூக்கம் வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கேமரா தப்பா நான் தப்பா என்கிற இடத்துக்கு வந்துவிட்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நெடுஞ்சாலை ஓர மண்டபத்தில் ஒரு வரவேற்பு. மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தன்று மட்டும்தான் லீவு. முதல் நாள் ஜெனரல் ஷிப்ட் முடித்துவிட்டுத்தான் வந்தாக வேண்டும். பெண் மேடையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். என் பெரிய ஃப்ளாஷை மேடைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நானும் காத்திருக்கிறேன். பொழுது சாயும் நேரம், வெளியே விடாத ஹாரன். கம்பெனி பஸ் நேராக மண்டப வாசலிலேயே வந்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை யூனிபாரத்தோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு, கையில் சாப்பாட்டுப் பையோடு இறங்குகிறான். பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்துகிறார்கள். பெண் மேடையிலிருந்து இறங்கி வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். ஃப்ளாஷை மேடையருகிலேயே விட்டுவிட்டு நானும் ஓடினேன், ரோஸ்லினும் ஓடினாள். இரண்டு பேரும் அழுத்தினோம். பஸ்ஸின் முன்விளக்குகள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தன. என் கேமராவின் பின்பக்கத் திரையில் ஒரு கணம் பார்த்தேன். இருட்டாக இரண்டு உருவம். அதற்குமேல் பார்க்கப் பயந்து கேமராவை அணைத்துவிட்டேன்.

இரண்டு கேமராவின் கார்டுகளையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, வரிசையாக நம்பர் போட்டு, ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவது எப்போதும் ரோஸ்லின் வேலை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். திரையில் அந்தப் படம். இரண்டு முகமும் பளிச்சென்று, பின்னால் விளக்கொளியில் பஸ், ஜன்னல் முழுக்க கைகள். "யார் எடுத்தது?" என்றேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நீங்கதாங்க. பெரிய கேமரா இல்லாம இப்டி வருமா?"

வெள்ளைப் பொட்டு

அந்தப் படத்துக்குப் பிறகு எங்கள் ஸ்டுடியோவுக்கே 'பஸ் போட்டோ ஸ்டுடியோ' என்று பெயர் வந்துவிட்டது. கல்யாணத்துக்குக் கம்பெனி பஸ்ஸையும் வரச்சொல்லலாமா என்று கேட்கிறவர்கள்கூட உண்டு. எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது, பட்டன்களும் பழகிப்போயின. ஆனால் சுவரில் மாட்டுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கியபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. இடது ஓரத்தில் கையில் கரண்டியோடு பாதி ஆளாக ஒரு சமையல்காரர் நிற்கிறார். ஓரம் முழுவதும் தெரிகிற கேமராவில் கண் வைத்த நான் அவரை எப்படி உள்ளே விட்டேன்? இரண்டாவது, மாப்பிள்ளையின் அடையாள அட்டையின் பிளாஸ்டிக்மேல் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு. பஸ் விளக்கின் பளபளப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் விளக்கு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது என்பதை நினைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின்மேல் மவுஸை வைத்து வலது பக்கம் ஒரு சொடுக்கு சொடுக்கினால் எந்தக் கேமரா என்று எழுதியே காட்டும். பத்து வருஷமாக அந்த ஒரு சொடுக்கை மட்டும் நான் சொடுக்கவில்லை.

போன மாதம் இசக்கிமுத்து வந்தான். கல்யாணமாகி, இரண்டு குழந்தைகள் பிறந்து, இப்போது பெயின்ட் ஆய்வில் இருக்கிறான். வரிசையாக எரியும் குழல்விளக்குகளுக்குக் கீழே காரைத் தடவிப் பார்த்து, கடுகளவு புள்ளி இருந்தாலும் கண்டுபிடித்துச் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவதுதான் அவன் வேலை. அன்று வாங்கிய சின்ன கேமராவையே இன்னும் வைத்திருக்கிறான், பெரியது வாங்கலாமா என்று யோசனை. நான் சுவரைக் காட்டி என் பாடத்தை ஆரம்பித்தேன். அவன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். விரலை அட்டைக்கு நேராகக் கொண்டுபோய் காற்றிலேயே ஒரு வட்டம் போட்டான்.

நம் தொழிலுக்கு வெளியே இருக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சின்ன கேமராவின் தலையில் மடக்கி வைத்த ஒரு குட்டி ஃப்ளாஷ் உண்டு. பச்சைக் கட்டத்தில் இருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று கேமரா நினைத்தவுடன் தானாக எழுந்து நிற்கும். பெரிய கேமராவில் அது கிடையாது. தேறியவர்களுக்கு அது தேவையில்லையாம். நான் அதற்குக் 'கொண்டை' என்று பெயர் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் கேலி செய்திருக்கிறேன். ரோஸ்லின் கேமராவில் அது எழுந்துவிடக் கூடாது என்று கறுப்பு டேப் போட்டு ஒட்டியும் வைத்திருந்தேன். பஸ் வந்த அன்றைக்கு மறுநாள் அந்த டேப் இல்லை. கேட்டதற்கு, வெயிலுக்கு உரிந்துவிட்டது என்றாள். நானும் சரி என்றேன்.

இசக்கிமுத்து திரும்பி, குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், ஆய்வு ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் சொன்னான்: "அண்ணாச்சி, வெளிச்சம் முன்னாடி இருந்துல்லா அடிச்சிருக்கு. இது நம்ம கொண்டைதான். சின்னதுலதான் எடுத்திருக்கீய, அப்புறம் நான் எதுக்குப் பெருசு வாங்கணும்?"

கொண்டை

அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த இரண்டு நாள், நான் ஏமாற்றப்பட்டேனா, இல்லை நான்தான் ஊரை ஏமாற்றினேனா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். அவள் அன்றைக்கு ஒரு பொய் சொன்னாள், சரி. ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு பத்து வருஷம் தினமும் சொன்னது யார்? அவள் அந்தப் படத்தைக் கொடுத்தது, தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருந்த ஒருவனுக்கு. நான் அதைச் சட்டம் போட்டு மாட்டி, அவள் காதுபடவே, அவள் கேமராவை மட்டம் தட்டுவதற்கு வைத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாருடைய ஆல்பத்துக்கோ படம் பொறுக்கிக்கொண்டிருப்பாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டுடியோவில் நாங்கள் இரண்டு பேரும்தான். மறுநாள் கல்யாணத்துக்கு அவள் பேட்டரிகளை சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பெரிய கேமராவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"நாளைக்கு இத நீ எடுத்துக்க."

"ஏங்க, தோள்பட்டை வலிக்குதா?"

"இல்ல. இசக்கிமுத்து அந்த அட்டையில இருக்கற பொட்டப் பாத்துட்டான்."

அவள் கை சார்ஜர்மேலேயே நின்றது. சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பரவால்லையே, கண்ணு நல்லாதான் கீது அவனுக்கு" என்றாள்.

"நான் அத மாட்டும்போதே பாத்துட்டேன், ரோஸ்லின்."

இதைச் சொல்ல எனக்குப் பத்து வருஷமாயிற்று. கீழே டீக்கடையில் யாரோ ஷிப்ட் பஸ் வந்துவிட்டதென்று கத்துவது கேட்டது. அவள் பெரிய கேமராவைத் தூக்கிப் பார்த்தாள், வாரை அவிழ்த்துத் தன் உயரத்துக்குச் சுருக்கிக் கட்டினாள். கண்ணில் வைத்து, ஜன்னல் வழியாக பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். "அட, ஓரம்லாம் நல்லா தெரியுதே!" என்றாள். அதன் பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் படம் எடுக்க என் கையில் அப்போது எந்தக் கேமராவும் இல்லை.

மேஜைமேல் மிச்சமிருந்த சின்னதை நான் எடுத்துக்கொண்டேன். எடை இல்லாமல் இருந்தது. சக்கரத்தைப் பச்சைக் கட்டத்துக்குத் திருப்பினேன், அதுவரைக்கும் எனக்குத் தெரியும். டேப் ஒட்டியிருந்த இடத்தில் பசையின் கறை இன்னும் கொஞ்சம் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஸ்டுடியோ விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்ததால், அழுத்திப் பார்த்தும் தானாக எழ வேண்டிய கொண்டை எழவில்லை. சின்ன கேமராவுக்கும் பெரிய கேமராவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து வருஷம் ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய நான், கடைசியில் அந்தப் படத்தை எடுத்தவளிடமே போய்க் கேட்டேன்: "ரோஸ்லின், இந்தக் கொண்டை எந்தப் பட்டன அமுக்குனாம்மா எழும்பும்?"